கட்டைவிரலுக்கு முன்பே தெரிந்திருந்தது

'காப்பியை' என்று தட்டி முடித்ததும் என் கட்டைவிரல் தானாகவே ஸ்பேஸ் பாரைத் தொட்டது. சொல் முடிந்தால் அங்கே இடம் விடுவது நாற்பது வருடப் பழக்கம். ஆனால் அன்று நான் தட்டிக்கொண்டிருந்தது தமிழ் இல்லை, ஜப்பானியம். 'கோஹீ ஓ' என்று ஒலியை மட்டும் கொடுத்திருந்தேன். திரையில் வளைவும் நெளிவுமாகக் குழந்தை எழுத்தான ஹிராகானாவில் நின்ற 'கோஹீ', கட்டைவிரல் பட்ட கணத்தில் விறைத்து நிமிர்ந்து, வெளிநாட்டுச் சொற்களுக்கென்றே அவர்கள் வைத்திருக்கும் கூர்மையான கத்தகானா எழுத்துக்கு மாறிக்கொண்டது. பக்கத்தில் 'ஐ' உருபாகிய 'ஓ' அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றது. நான் நாற்காலியில் இருந்து எழுந்தே விட்டேன்! வெளியே பனி இறங்கி சில்வர் ஓக் மரங்கள் எல்லாம் மறைந்திருந்தன. யாரையாவது கூப்பிட்டுக் காட்ட வேண்டும் போல இருந்தது. களத்தில் காப்பிக்கொட்டையைத் தார்ப்பாய் போட்டு மூடிக்கொண்டிருந்த பெண்ணைத்தான் கூப்பிட்டுக் காட்டினேன். "அட, தானா மாறுதே அக்கா" என்றாள். அதேதான். தானாக மாறுகிறது!

எங்கள் வீடு ஏற்காட்டிலிருந்து நாகலூர் போகும் பக்கம். எஸ்டேட் ஆபீஸில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவள் நான். என் அக்காவின் பேத்தி நகோயாவில் பிறந்து அங்கேயே பள்ளிக்குப் போகிறாள். என்னை 'சின்ன அம்மாயி' என்று கூப்பிடுவாள். தமிழ் பேசுவாள், எழுத வராது. ஃபோனில் முகம் பார்த்துப் பேசும்போது ஐந்து நிமிடத்தில் விளையாட ஓடிவிடுவாள். ஆனால் கடிதம் என்றால் அவளுக்கு உயிர். பெட்டியில் போட்டு வைத்துத் திரும்பத் திரும்பப் படிப்பாளாம். அப்படியானால் அவள் படிக்கிற எழுத்தில் நான் எழுதிவிட்டுப் போகிறேன் என்று முடிவு செய்தேன். புத்தகம் வைத்துக்கொண்டு ஒன்றரை வருடம் படித்தேன். கையால் எழுதினால் ஒரு பக்கத்துக்கு ஒரு வாரம் ஆனது. கணினியில் தட்டலாமே என்று தோன்றியது அதற்குப் பிறகுதான். அந்தத் தோன்றல் வந்த நாளை நான் கும்பிடுகிறேன்.

தம்பி மகன் பயன்படுத்தி முடித்த பழைய மடிக்கணினி ஒன்று என்னிடம் இருந்தது, விண்டோஸுக்குப் பதில் உபுண்டு போட்டது. ஜப்பானியம் தட்ட வேண்டும் என்றால் தனி கீபோர்டு வாங்க வேண்டும், பெரிய செலவு ஆகும் என்று நினைத்திருந்தேன். ஒன்றுமே வேண்டாம். ஒரு ரூபாய் செலவில்லை. ஐபஸ்-மொஸ்க் என்ற தொகுப்பை ஒரே வரிக் கட்டளையில் நிறுவினேன். கூகுள் தன் ஜப்பானிய உள்ளீட்டு மென்பொருளை 2009 டிசம்பரில் வெளியிட்டது. அடுத்த வருடமே அதன் உள்ளீட்டு எந்திரத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று திறந்த மூலமாகவும் கொடுத்துவிட்டார்கள். அந்தத் திறந்த வடிவத்தின் பெயர்தான் மொஸ்க். ஜப்பானியர்கள் அதை 'மொஸுகு' என்று உச்சரிக்கிறார்கள், அவர்கள் சாப்பிடும் ஒரு கடற்பாசியின் பெயர் அது. எங்கள் மலையில் மழை நாளில் சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும். ஆனாலும் ஒரு டம்ளர் காப்பி குடித்து முடிப்பதற்குள் இறங்கிவிட்டது.

இரண்டு இடத்தில் மட்டும் கால் இடறும், அதைச் சொல்லிவிடுகிறேன். கணினியிலிருந்து ஒருமுறை வெளியேறி மறுபடி உள்ளே நுழைந்து, அமைப்புகளில் விசைப்பலகை என்ற பகுதிக்குப் போய், உள்ளீட்டு மூலத்தைச் சேர்க்கும்போது 'ஜப்பானியம்' என்று ஒன்றும் 'ஜப்பானியம், மொஸ்க்' என்று இன்னொன்றும் வரும். முதலாவது வெறும் விசை அமைப்பு. அதை எடுத்தால் எவ்வளவு தட்டினாலும் ஆங்கில எழுத்துதான் வரும், நிறுத்தற்குறிகள் மட்டும் இடம் மாறிக் குழப்பும். நான் ஒரு சாயங்காலம் முழுக்க அதில் இருந்தேன். இரண்டாவதைத்தான் எடுக்க வேண்டும். அதை எடுத்த பிறகும் மொஸுகு தூங்கிக்கொண்டுதான் இருக்கும், நேரடி ஆங்கில நிலையில். மேலே உள்ள பட்டியில் சொடுக்கி 'ஹிராகானா' என்பதைத் தேர்ந்தெடுத்தால் விழித்துக்கொள்ளும். ஜப்பானில் விற்கும் கீபோர்டில் இதற்கென்றே தனிப் பொத்தான் இருக்கிறது. நம்முடையதில் கிடையாது. மொஸுகுவின் அமைப்பில் விசைகளை மாற்றும் பட்டியலைத் திறந்து, கன்ட்ரோலும் ஸ்பேஸும் சேர்ந்தால் விழித்துக்கொள் என்று நான் சொல்லி வைத்துவிட்டேன். விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் சுலபம். மொழிப் பட்டியலில் ஜப்பானியத்தைச் சேர்த்தால் அதுவே இறக்கிக்கொள்ளும், விண்டோஸ் பொத்தானும் ஸ்பேஸும் அழுத்தினால் மொழி மாறும்.

இப்போது என் கணினியில் மூன்று வீடுகள் வரிசையாக இருக்கின்றன: ஆங்கிலம், தமிழ் 99, ஜப்பானியம். ஒரு தட்டில் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவலாம். தாவும்போதுதான் அந்த அதிசயம் பிடிபட்டது. இதை நான் யாரிடமும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, என் விரல்கள் சொல்லித் தெரிந்தது. தமிழ் 99 தட்டத் தெரிந்த கைக்கு ஜப்பானியம் தட்டப் பாதி தெரியும்!

தமிழ் 99-இல் 'க' தட்டி 'இ' தட்டினால் 'கி'. ஜப்பானியத்தில் ஒலியை ஆங்கில எழுத்தில் கொடுக்க வேண்டும், கே தட்டி ஐ தட்டினால் 'கி'. மெய்யும் உயிரும் சேர்ந்து ஓர் எழுத்து ஆகிற கணக்கு இரண்டிலும் ஒன்றே. அதைவிட, 'பக்கம்' என்று அடிக்க ப, க, க என்று தட்டுகிறோம் இல்லையா, முதல் 'க' மேல் புள்ளி தானே வந்து உட்காரும். 1999-இல் அந்த விசைப்பலகையை வகுத்தவர்கள் நமக்குக் கொடுத்த அழகான பரிசு அது. ஜப்பானியத்திலும் ஒற்று இரட்டிக்கும் இடத்தில் மெய்யை இரண்டு தரம் தட்டினால் போதும். 'கித்தே' என்றால் தபால்தலை. கே, ஐ, டி, டி, ஈ என்று தட்ட, நடுவில் ஒற்றைக் குறிக்கும் அந்தக் குட்டி எழுத்து தானே முளைக்கிறது. முதல் தடவை அதைப் பார்த்தபோது, தெரியாத ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கினால் நம் ஊர்க்காரர் எதிரே நின்று சிரித்தது போல இருந்தது எனக்கு.

அவர்களுடைய எழுத்து வரிசையைச் சொல்லிப் பாருங்கள், வாய்விட்டு. ஆ, கா, சா, தா, நா, ஹா, மா, யா, ரா, வா, கடைசியில் 'ன்'. நம் க, ச, த, ந, ப, ம, ய, ர, வ வரிசைதானே! பௌத்தத் துறவிகள் வடமொழி எழுத்தைப் படித்த வழியில் அங்கே போய்ச் சேர்ந்த இந்திய ஒழுங்கு அது. 'ப' இருக்க வேண்டிய இடத்தில் 'ஹா' நிற்கிறதே என்றால், அது பழங்காலத்தில் ப-ஒலியாகத்தான் இருந்தது. நம் பால் கன்னடத்தில் ஹாலு ஆன மாதிரி. கடைசி எழுத்தாக அவர்களுக்கும் 'ன்' வந்து முடிவது தற்செயல்தான். தெரிந்தும் எனக்குச் சந்தோஷம் குறையவில்லை. 736-இல் போதிசேனர் என்ற இந்தியத் துறவி ஜப்பானுக்குப் போனார். 752-இல் நாரா நகரத்து தோதாய்ஜி ஆலயத்தின் பெரிய புத்தருக்குக் கண் திறந்து வைத்தது அவர்தான். அந்தக் காலத்தில் கடல் தாண்டிப் போனவர்களின் நாக்கு ஒழுங்கு இன்று நாகலூர் பக்கத்து வீட்டில் என் விரல் நுனியில் கிடக்கிறது என்று நினைத்தால் மயிர்க்கூச்செறிகிறது.

அந்த 'ன்' பற்றி இன்னும் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். சின்ன அம்மாயி என்று கையெழுத்துப் போட வேண்டும், ஆனால் ஜப்பானியத்தில் 'ம்' என்று தனி ஒற்று கிடையாது. இருப்பது 'ன்' ஒன்றுதான். 'அன்மாயி' என்று தட்டினேன், மனம் ஒப்பவில்லை. சத்தமாகப் படித்துப் பார்க்கச் சொன்னபோது குழந்தை 'அம்மாயி' என்றே படித்தாள். ம, ப போன்ற எழுத்துகளுக்கு முன்னால் அவர்களுடைய 'ன்' தானே 'ம்' என்று ஒலிக்கும். எழுதுவது ஷின்புன், வாய் சொல்வது ஷிம்புன், அதாவது செய்தித்தாள். புணர்ச்சி விதி அங்கேயும் வேலை செய்துகொண்டிருக்கிறது! ஒரே ஒரு எச்சரிக்கை: 'கொன்னிச்சிவா' என்று வணக்கம் சொல்லும்போது என் என்ற எழுத்தை மூன்று தரம் தட்டுங்கள், இரண்டு ஒற்றுக்கு, ஒன்று 'நி'க்கு. கடைசி 'வா'வை எச்-ஏ என்று தட்டுங்கள். எழுதுவது 'ஹா', படிப்பது 'வா'.

இனி கட்டைவிரல் கதைக்கு வருகிறேன். ஜப்பானிய எழுத்தில் சொல்லுக்குச் சொல் இடம் விடுவதில்லை. 'வாதாஷிவாகோஹீஓநோமிமாஸு' என்று ஒரே ஓட்டமாக இருக்கும். கணினி அதை எங்கே வெட்ட வேண்டும்? பெயர்ச்சொல்லும் அதன் உருபும் ஒரு துண்டு, வினையும் அதன் விகுதியும் ஒரு துண்டு. அந்தத் துண்டுக்கு 'புன்செட்சு' என்று பெயர். வாதாஷி-வா, கோஹீ-ஓ, நோமி-மாஸு. நான், காப்பியை, குடிக்கிறேன். பார்த்தீர்களா? நாம் எங்கே இடம் விடுவோமோ அங்கேதான் அவர்களுடைய வெட்டு விழுகிறது. உருபு பின்னால் ஒட்டுகிறது, வினை கடைசியில் வருகிறது, எல்லாம் நம்மைப் போலவே. தமிழில் இடைவெளிக்குப் போகும் கட்டைவிரல் அங்கே அதே நொடியில் எழுத்தை மாற்றும் விசையாகிறது. வாக்கியம் முழுவதையும் தட்டிவிட்டுக் கடைசியில் ஒரே தட்டாகவும் மாற்றலாம். ஆனால் நான் துண்டு துண்டாகத்தான் தட்டுவேன், தமிழில் யோசித்தபடியே. ஜப்பானியமும் தமிழும் உறவு மொழிகள் என்று வாழ்நாள் பாதியைக் கொடுத்து வாதாடியவர் ஒனோ சுசுமு என்ற ஜப்பானிய அறிஞர். மொழியியலாளர்கள் பெரும்பாலும் அதை ஏற்கவில்லை. உறவோ இல்லையோ, இந்த ஒத்திசைவை ஒரு நாள் கீபோர்டில் தட்டிப் பார்த்தால் அவருக்கு ஏன் அவ்வளவு ஆசை பிறந்தது என்று புரிகிறது.

வெட்டு தப்பாக விழுவதும் உண்டு. 'க்யோஉஹாஇஷாநிஇத்தா' என்பது ஜப்பானியர்களே சொல்லிச் சிரிக்கும் உதாரணம். ஒரு இடத்தில் வெட்டினால் 'இன்று டாக்டரிடம் போனேன்', ஓர் எழுத்து தள்ளி வெட்டினால் 'இன்று பல் டாக்டரிடம் போனேன்'. பள்ளிக்கூடத்தில் தமிழ் ஐயா பொதுமொழி நடத்தியது ஞாபகம் வந்தது. தாமரை என்றால் பூ, தா மரை என்றால் மானைக் கேட்பது. வேங்கை, எட்டு எல்லாம் அந்த வகை. ஷிஃப்டை அழுத்திக்கொண்டு அம்புக்குறியைத் தட்டினால் துண்டின் எல்லை நீள்கிறது, சுருங்குகிறது. நன்னூலைக் கையில் பிடித்து இழுத்துப் பார்ப்பது போல ஒரு சுகம்!

ஒரே ஒலிக்குப் பல சொல் என்பது இன்னொரு விருந்து. 'ஹானா' என்றால் பூவும் மூக்கும். 'அமே' என்றால் மழையும் மிட்டாயும். 'குமோ' என்றால் மேகமும் சிலந்தியும். எங்கள் வீட்டு ஜன்னலில் காலை நேரத்தில் இரண்டுமே இருக்கும். ஸ்பேஸை மறுபடி தட்டினால் பட்டியல் விரிகிறது, எது வேண்டும் என்று அது கேட்கிறது, நாம் சொல்கிறோம். சொன்னதை நினைவும் வைத்துக்கொள்கிறது. நான் எப்போதும் மேகத்தையே எடுப்பதால் இப்போது குமோ என்றதும் முதலில் மேகமே வருகிறது. ஜப்பானில் இந்த மென்பொருள்களைச் சோதிக்க ஒரு பேர்போன வாக்கியம் வைத்திருக்கிறார்கள்: 'கிஷா நோ கிஷா கா கிஷா தே கிஷா ஷிதா'. உங்கள் நிறுவனத்து நிருபர் ரயிலில் நிறுவனத்துக்குத் திரும்பினார் என்று பொருள். நான்கு கிஷாவும் நான்கு வேறு சொற்கள். என் பழைய மடிக்கணினி ஒரே தட்டில் நான்கையும் சரியாகப் போட்டது. கை தட்டினேன்.

நான் தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவள். சேலத்தில் இன்ஸ்டிடியூட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கிப் போய்ப் படித்தது. அதனால் இதன் அருமை எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே தெரியும். இருநூற்று நாற்பத்தேழு எழுத்தை ஒரு சின்ன எந்திரத்துக்குள் அடக்கினாரே யாழ்ப்பாணத்து ஆர். முத்தையா, அவர் பெயரைச் சொல்லித்தான் எங்கள் மாஸ்டர் பாடத்தை ஆரம்பிப்பார். ஜப்பானில் சுகிமோட்டோ க்யோட்டா 1915-இல் செய்த தட்டச்சு எந்திரத்தில் ஏறக்குறைய 2,400 எழுத்துகள் ஒரு தட்டில் அடுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றாகத் தேடிக் கவ்வி எடுத்து அடிக்க வேண்டும். அந்த எழுத்துக் காட்டில் வழி மனப்பாடமாக நடந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஒலியைத் தட்டினால் எழுத்து வரும் எந்திரத்தை தோஷிபா 1978-இல் அறிமுகம் செய்தது. மோரி கெனிச்சியின் குழு உருவாக்கிய ஜேடபிள்யூ-10. ஒரு மேசை அளவு, சுமார் 220 கிலோ, விலை 63 லட்சம் யென். அந்த வித்தை இன்று என் மடியில் இலவசமாக உட்கார்ந்திருக்கிறது. முகம் தெரியாத அவர்கள் எல்லாருக்கும் நான் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன்.

கடிதங்களுக்கு வருகிறேன். ஜப்பானியப் பள்ளியில் கான்ஜி என்ற சீன வழி எழுத்துகளை முதல் வகுப்பில் 80, இரண்டாம் வகுப்பில் 160 என்று கணக்கு வைத்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். நான் எழுத ஆரம்பித்தபோது அவள் இரண்டாம் வகுப்பு. கணினிக்கோ எல்லாக் கான்ஜியும் தெரியும், அள்ளி அள்ளிக் கொடுக்கும். குழந்தைக்குத் தெரிந்த 240-க்குள் நான் நிற்க வேண்டும். பட்டியலைச் சுவரில் ஒட்டி வைத்தேன். மழை, மலை, பூ, வெள்ளை, மரம் எல்லாம் முதல் வகுப்பிலேயே வந்துவிடுகின்றன. மலை என்ற எழுத்து மூன்று சிகரம் மாதிரியே நிற்கும். ஒரு மரம் என்றால் மரம், இரண்டு மரம் சேர்ந்தால் தோப்பு, மூன்று சேர்ந்தால் காடு. பனிக்கு, அதாவது 'கிரி'க்கு உள்ள எழுத்து கடினம், பெரிய வகுப்பில்தான் வரும். அங்கே ஸ்பேஸைத் தட்டாமல் என்டர் தட்டினால் ஹிராகானாவாகவே நின்றுவிடும். எங்கே மாற்ற வேண்டும் என்பதைவிட எங்கே மாற்றாமல் விட வேண்டும் என்பதில்தான் கடிதத்தின் பாசம் இருக்கிறது என்று எனக்குப் படும்.

ஒரு கஷ்டமான சொல்லை விட மனமில்லை என்றால் அதற்கும் வழி உண்டு. லிப்ரே ஆபீஸில் ஆசிய மொழிகளுக்கான வசதியை இயக்கிவிட்டால், கான்ஜியின் தலைக்கு மேல் பொடி எழுத்தில் உச்சரிப்பைப் போடலாம். ஃபுரிகானா என்பார்கள். எழுத்துரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். சீனத்துக்கும் ஜப்பானுக்கும் பல கான்ஜிகளுக்குக் கணினியில் ஒரே எண்தான், எழுத்துருதான் வடிவத்தை முடிவு செய்யும். நான் தெரியாமல் நோட்டோ எழுத்துருவின் சீன வகையில் ஒரு கடிதம் அனுப்பிவிட்டேன். "சின்ன அம்மாயி, 'நேரே' என்ற எழுத்து எங்க டீச்சர் எழுதுற மாதிரி இல்லையே" என்று பதில் வந்தது. பெயரின் கடைசியில் ஜேபி என்று முடியும் வகையை எடுத்ததும் சரியாகிவிட்டது.

என் முதல் முழுக் கடிதத்தின் முதல் வரி, 'கோஹீ நோ ஹானா வா ஷிரோய் தேஸு'. காப்பியின் பூ வெள்ளை. கோடை மழை பெய்து பத்து நாளில் தோட்டம் முழுவதும் பூத்து, மல்லிகை வாசனை போல ஊரே மணக்கும் நேரம் அது. காப்பி என்ற சொல் நமக்கு ஆங்கிலேயர் வழி வந்தது, ஜப்பானியர்களுக்கு டச்சுக்காரர் வழி. இந்த மலையில் அந்தச் செடியை வைத்தது 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன். அவ்வளவையும் குழந்தைக்கு எழுத முடியவில்லை. பூ வெள்ளை என்று எழுதினேன். இரண்டாவது கடிதத்தில் ஊர்ப் பெயரைச் சொன்னேன். ஏரியும் காடும் சேர்ந்த ஊர், 'இகே நோ மோரி'. 'இகே' என்றால் குளம். ஏரிக்கு உரிய எழுத்து மூன்றாம் வகுப்புப் பாடம், அதனால் அப்போதைக்குக் குளம். சேர்வராயன் மலை என்பதைக் கத்தகானாவில் தட்டி, மொஸுகுவின் சொந்த அகராதியில் பதிந்து வைத்திருக்கிறேன். 'சே' என்று ஆரம்பித்தாலே இப்போது மலை மேலே ஏறி வந்து நிற்கிறது.

இந்த ஏப்ரலில் அவள் மூன்றாம் வகுப்புக்குப் போனாள். புதிதாக 200 கான்ஜி. ஏரியும் வந்துவிட்டது, 'மிஸுஉமி'. குளத்தை அழித்துவிட்டு ஏரி என்று மாற்றி அனுப்பினேன். ரோமன் எழுத்தும் அங்கே மூன்றாம் வகுப்பில்தான் ஆரம்பிக்கிறார்கள். ஆங்கிலப் பொத்தான்கள் எல்லாம் அடையாளம் தெரிய ஆரம்பித்ததும் அவளே கேட்டாள், தமிழ் எப்படித் தட்டுவது என்று. அவள் அம்மாவின் கணினியில் தமிழ் 99 போடச் சொன்னேன். ஏ, கே, கே, க்யூ, அப்புறம் என்டருக்குப் பக்கத்தில் இருக்கும் ஒற்றை மேற்கோள் குறி, எஸ். ஆறே தட்டு என்று சொல்லிவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொன்றாக எண்ணித் தட்டினாள். 'அம்மாயி' என்று வந்தது. திரையின் மேல் விரலை வைத்து, "சின்ன அம்மாயி, இந்தப் புள்ளிய நான் போடவே இல்லையே?" என்றாள்.